அசல் அலறல்

ஒலிநூல் வாரியத்தின் கழிவறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை அடைக்கச் சென்ற குழாய்க்காரர், வேலை முடிந்ததும் வீடு திரும்பிச் சாப்பிடலாம் என்ற எளிய எண்ணத்துடன்தான் சென்றார். வேலையும் முடிந்தது. அவர் எழுந்து கைகழுவிய நேரத்தில், தொட்டியின் விளிம்பில் வைத்திருந்த கனத்த குறடு சரிந்து அவருடைய கால் பெருவிரலின்மேல் விழுந்தது.

"ஐயோ, அம்மா!"

கழிவறைக்கும் ஒலிப்பதிவு அறைக்கும் நடுவே இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். வாரியத்தின் வரலாறு என்றேனும் எழுதப்படுமானால், அந்தச் சுவரில் ஒப்பந்தக்காரர் மிச்சம்பிடித்த செங்கற்களுக்கு அதில் ஓர் இடம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஏனெனில், அடுத்த நொடியே கழிவறைக் கதவு திறந்தது. முன்னால் வாரியத்தின் இயக்குநர் வந்தார். அவருக்குப் பின்னால், நாடே மயங்கும் குரலுக்குரிய வாசிப்பாளர் அம்மையார் வெந்நீர்க் குடுவையுடன் வந்தார். கழுத்தில் ஒலிவாங்கிக் கம்பி தொங்க ஒலிப்பதிவாளரும் வந்தார்.

"மன்னிச்சிடுங்க சார், பதிவு நடக்குதுன்னு தெரியாது" என்றார் குழாய்க்காரர்.

இயக்குநரின் கண்கள் கலங்கியிருந்தன. "இன்னொரு தடவை சொல்லுங்க."

"மன்னிச்சிடுங்க சார்."

"அது இல்லைய்யா. அந்த 'ஐயோ'."

குழாய்க்காரர் தயங்கியபடி "ஐயோ" என்றார்.

"ம்ஹும். இது இல்ல. முன்ன வந்ததுல ஒரு ஜீவன் இருந்துது."

"குறடு கால்ல விழுந்தாத்தானே சார் அது வரும்?"

இயக்குநர் மற்றவர்களைப் பெருமிதத்துடன் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? நம்ம கொள்கையை ஒரே வரியில சொல்லிட்டார்!" பிறகு குனிந்து குறட்டை எடுத்தார், மார்பளவு உயர்த்தினார், குழாய்க்காரரின் மற்றொரு கால் பெருவிரலுக்கு நேராகப் பார்த்துக் கீழே விட்டார்.

குழாய்க்காரர் வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இவ்வாறுதான்.

நியமனத்தின்போது இயக்குநர் கொள்கையை விளக்கினார். "முன்னாடியெல்லாம் புத்தகத்துல அறை விழுந்தா, நாங்க ரெண்டு கையைத் தட்டி ஏமாத்திக்கிட்டிருந்தோம். ஒரு நேயர் அதைக் கண்டுபிடிச்சு எழுதினார். அன்னைக்குக் குனிஞ்ச என் தலை, இன்னும் சரியா நிமிரலை. இப்போ புத்தகத்துல மழைன்னா மழைக்காகக் காத்திருக்கோம். புத்தகத்துல ஒருத்தன் அடிபட்டா, இங்க ஒருத்தன் அடிபடணும். நம்மளை நம்பிக் காதைக் கொடுக்கிறாங்க. அவங்ககிட்ட பொய் சொல்லலாமா?"

"கூடாதுதான் சார்."

"அப்போ இங்க கையெழுத்துப் போடுங்க."

பதவியின் பெயர் அலறுநர். அதற்கு முன் அப்பதவியிலிருந்தவர், அடி விழுவதற்கு முன்பே அலறிவிடும் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டிருந்தார். அலறுநர் பதவி தற்காலிகமானது. தாக்குநர் பதவி நிரந்தரமானது, ஓய்வூதியமும் உண்டு. அதை வகித்தவரைப் பஞ்சு என்று அழைத்தார்கள். அவர் கை இரும்பு. மனம் மட்டுமே பஞ்சு.

பதிவுக்கு வந்திருந்தது பெரிய நாவல். அதன் நாயகன் நல்லவன் என்பதால் அத்தியாயந்தோறும் அடிபட்டான். முதல் அத்தியாயத்தில் ஓர் அறை.

"அண்ணே, பல்லைக் கடிச்சுக்காதீங்க" என்றார் பஞ்சு, கையைத் துடைத்தபடி. "கடிச்சா உடைஞ்சிடும். தாடையைத் தளர்த்தி வச்சுக்கங்க. அடிச்சதும் நான் எண்ணெய் தேய்ச்சு விடுறேன். வருத்தப்படாதீங்க."

"ஒரு அறைதானே தம்பி?"

"புத்தகத்துல ஒண்ணுதான்" என்று பஞ்சு பெருமூச்சு விட்டார்.

அவர் சொன்னதன் பொருள் விரைவிலேயே விளங்கியது. முதல் அறையின்போது வானத்தில் விமானம் சென்றது. அடுத்ததில் அம்மையார் இருமினார். அதற்கும் அடுத்தது எல்லா வகையிலும் குறையற்றதாக அமைந்தது. ஒலிப்பதிவாளர்தான் கருவியை முடுக்க மறந்திருந்தார். "அடி பிரமாதம், அலறலும் பிரமாதம். மத்தவங்கதான் ஒத்துழைக்கலை" என்று இயக்குநர் குழாய்க்காரரைத் தட்டிக்கொடுத்தார். தட்டிய இடம், துரதிருஷ்டவசமாக, அதே கன்னம்.

இரண்டாம் அத்தியாயத்தில் வாயில் குத்து. பல் ஒன்று தெறித்துத் தரையில் விழுந்து உருண்டது. பல் உருளும் ஓசை மூலநூலில் இல்லாததால் அந்தப் பதிவு நிராகரிக்கப்பட்டது. மறுபதிவுக்கு மற்றொரு பல் தேவைப்பட்டது. அது விழும்போது துணியில் ஏந்திப் பிடிப்பதற்கென எழுத்தர் ஒருவர் முழங்காலிட்டு அமர்த்தப்பட்டார். அவர் அப்பணியைச் செவ்வனே செய்தார் என்று இயக்குநர் கூட்டத்தில் பாராட்டினார். பல்லைக் கொடுத்தவரைப் பற்றிப் பேச நேரமில்லாமல் போயிற்று.

நாவல் வெளிவரத் தொடங்கியதும் ஊர் காதால் வாழத் தொடங்கியது. பேருந்து ஓட்டுநர் அதைக் கேட்டபடியே ஓட்டினார். அடிபடும் இடங்களில் ஆர்வமிகுதியால் வேகத்தைக் கூட்டினார். தையல்காரர் கேட்டபடியே தைத்ததில் சட்டைகளுக்குக் கைகள் மாறின. பல் மருத்துவர் ஒருவர், பல்லைப் பிடுங்கும்போது நோயாளி போடும் கூச்சல் தொல்லையாக இருப்பதாகக் கருதி, அதிலிருந்து விடுபடக் குழாய்க்காரரின் அலறலைக் காதில் செருகிக்கொண்டார். புத்தகத்தைத் தொட்டே அறியாதவர்களெல்லாம் இலக்கியத்தைப் பற்றித் தெருமுனையில் சண்டையிட்டார்கள். "நாலாம் அத்தியாயத்து முதுகடி ஆழம் போதலை" என்றொருவர் சொல்ல, "அந்த ஆழத்தைப் புரிஞ்சுக்க உனக்குக் காது பத்தாது" என்று மற்றவர் அவர் மூக்கை உடைத்தார். உடைந்தவரின் அலறலைக் கேட்டவர்கள், அதில் ஜீவன் இல்லை என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

இத்தகைய வெற்றியைக் கல்விப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்குமா? அதன் தலைவியார் ஒருநாள் இயக்குநரின் அறைக்கு வந்தார். குழாய்க்காரரும் அழைக்கப்பட்டு ஓரமாக நிறுத்தப்பட்டார்.

"எலும்பு முறிவு பத்தி மாணவர்களுக்கு ஒரு ஒலிநூல் போடுறோம்" என்றார் தலைவியார். "பரீட்சையில காதால கேட்டே எந்த எலும்புன்னு சொல்லணும். உங்க ஆளைக் கொஞ்சம் கொடுங்க."

"எந்த எலும்பு?"

"இடது முன்கை."

"அது எட்டாம் அத்தியாயத்துக்கு வேணுமே" என்று இயக்குநர் முகம் சுளித்தார். "வலதை எடுத்துக்கங்க."

"வலதுல முறிச்சா இடதுன்னு எப்படிச் சொல்றது? படிக்கிற பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லலாமா?"

நெடுநேரப் பேச்சுக்குப் பின், இடது முன்கையை மணிக்கட்டுப் பக்கம் கல்விக்கும் முழங்கைப் பக்கம் இலக்கியத்துக்கும் பிரித்துக்கொள்வதென இருதரப்பும் கைகுலுக்கின.

"அம்மா, நான் குழாய் வேலை செய்றவன். எனக்குக் கைதான் பிழைப்பு" என்றார் குழாய்க்காரர்.

தலைவியார் அவரைக் கனிவோடு பார்த்தார். "பயப்படாதீங்க. நாங்க இலக்கியப் பிரிவு மாதிரி கொடூரமானவங்க இல்ல. ஒரே தடவைதான் முறிப்போம். புரியாத பிள்ளைங்க திருப்பிப் போட்டுக் கேட்டுக்கும்."

வீட்டில் குழாய்க்காரர் ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் இத்தனை முறை ஏணியிலிருந்து விழ முடியுமா என்று அவர் மனைவிக்குச் சந்தேகம் இருந்தாலும், கேட்க நேரமில்லை. அவளும் சமையலின்போது நாவல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாலை, கட்டுப்போட்ட கையோடு அவர் வந்து அமர்ந்தபோது, அவள் காதிலிருந்ததைப் பிடுங்கி அடுப்பு மேடைமேல் எறிந்தாள்.

"இது நீங்கதானே?"

"எது?"

"நடிக்காதீங்க. ரெண்டாவது அத்தியாயத்துக்கு அப்புறம் அந்த ஆளு கத்துறதுல காத்து போகுது. உங்களுக்கும் முன்பல்லு போயிருக்கு. இவ்வளவு நாள் உங்களை அடிக்கிறதைக் கேட்டுக்கிட்டா நான் காய் நறுக்கினேன்?"

குழாய்க்காரர் தலைகுனிந்தார். "நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே."

"என் வாயில மண்ணு!" அவள் அழுதாள், அழுதபடியே அவர் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாளையிலேர்ந்து அங்க போகக் கூடாது. சொல்லிட்டேன்."

அவரும் போகவில்லை. வாரியம் வந்தது. நாயகனின் அலறல் நடுவில் மாறுவது நேயர்களுக்கு இழைக்கும் துரோகம் என்பதால், இரண்டு காவலர்கள் அவரை நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். குறுக்கே பாய்ந்த மனைவியைச் சுவரோடு தள்ளினார்கள். அதன்பிறகு அவர் வாரியத்தின் உள்ளறை ஒன்றில் தங்கவைக்கப்பட்டார். குரலைப் பாதுகாக்க வெந்நீரும், ஓடாமலிருக்கப் பூட்டும் வழங்கப்பட்டன.

விலா ஏழாம் அத்தியாயத்தில் போயிற்று, முழங்கை எட்டில். ஒன்பதில் நாயகன் மாடிப்படியில் உருட்டிவிடப்பட்டான். மாடிப்படி மரத்தாலானது என்று நூலில் இருந்தது. வாரியத்தின் படி கருங்கல். மரப்படி அமைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஒலிப்பதிவாளர் வாதாடி, குழாய்க்காரருக்குச் சில நாள் ஓய்வு வாங்கிக்கொடுத்தார். அந்த ஓய்வின்போதுதான் பஞ்சு, அவர் முதுகில் எண்ணெய் தேய்த்தவாறே, கடைசி அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னார்.

"அண்ணே, கடைசியில நாயகன் செத்துடுறான்."

"எப்படி?"

"இரும்புத்தடி. முழங்கால், தோள், அப்புறம் மண்டை." பஞ்சுவின் கை நின்றது. "எண்ணெய் போதுமா அண்ணே?"

குழாய்க்காரர் அன்றே நூலாசிரியரைப் பார்க்க வேண்டுமென்று கேட்டார். கோரிக்கை வியப்பளிக்கும் வகையில் ஏற்கப்பட்டது. நூலாசிரியர் மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். குழாய்க்காரரின் முகத்தைக் கண்டதும் அவருக்கு மயக்கம் வந்தது. எனவே ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

"ஐயா, அவனைச் சாகடிக்காம விட்டுடுங்க. ஊரைவிட்டுப் போயிட்டான்னு எழுதுங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு எழுதினாக்கூடப் பரவாயில்ல, தாங்கிக்கிறேன்."

"எனக்கும் அவன் செத்தது வருத்தம்தான்" என்றார் நூலாசிரியர் ஜன்னலிடம். "எழுதின அன்னைக்கு நான் சாப்பிடவே இல்ல. எறும்பைக்கூட மிதிக்காத ஆளு நான். ஆனா அந்தச் சாவு அவ்வளவு அழகா அமைஞ்சு போச்சு. எடுத்தா மொத்தக் கட்டுமானமும் சரிஞ்சிடும்."

"என் மண்டை சரியுதே ஐயா."

"அப்பா!" நூலாசிரியர் சிலிர்த்துப் போனார். "என்ன வரி! இது நாவல்ல இருந்திருக்கலாம்." அவர் அதை எழுதிக்கொண்டு விடைபெற்றார்.

கடைசி அத்தியாயம் நேரடியாக ஒலிபரப்பப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் மாலை, வாரியத்தின் கூட்ட அரங்கில் குழாய்க்காரருக்கு வழியனுப்பு விழா நடந்தது. அவரை நடுநாயகமாக அமர்த்தி, நழுவிவிடாமல் இடுப்பில் கட்டியிருந்தார்கள். மனைவிக்கு முன்வரிசையில் இடம் தரப்பட்டிருந்தது.

இயக்குநர் பேசினார்: "இவர் நாளைக்கு இருக்க மாட்டார். ஆனா இவர் குரல் இருக்கும். நாமும் இருப்போம். இதுக்கு மேல ஒரு கலைஞனுக்கு என்ன வேணும்? சிலர் கேட்கிறாங்க, ஒரு உயிரு போகணுமான்னு. நான் திருப்பிக் கேட்கிறேன்: உயிர் போகாத அலறலை உயிர் போற அலறல்னு சொல்லிக் கொடுத்தா, நாளைக்கு ஒரு நேயராவது நம்மளை நம்புவாரா? நான் பதவியேத்த நாள்லேர்ந்து ஒரு பொய்யான ஒலியைக்கூட வெளியிட்டதில்ல. அதுக்காக யார் என்ன தியாகம் செய்யணும்னாலும் நான் தயார்."

கைதட்டல் ஓயுமுன் மனைவி எழுந்தாள். மேடையேறி, இயக்குநரின் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குடுவையை எடுத்து அவர் நெற்றியில் வீசினாள். காவலர்கள் அவளைக் கையும் காலுமாகத் தூக்கினார்கள். ஒருவனின் காதை அவள் கடித்தாள், அவன் அலறினான்.

"ஏங்க, கேளுங்க!" வாசல்வரை இழுத்துச்செல்லப்படும்போதும் அவள் குரல் வந்தது. "அவங்களுக்கு வேண்டியது உங்க சத்தம்தான்! நாளைக்கு அதை மட்டும் கொடுத்துடாதீங்க!"

இயக்குநர் நெற்றி இரத்தத்தைத் துடைத்தபடி ஒலிப்பதிவாளரைக் கேட்டார்: "பதிவாச்சா? காவலாளி கத்தினானே, அது எப்படி?"

"சுமார் சார்."

மறுநாள் பதிவு அறையில் அதிகாரிகள் அனைவரும் காலணிகளைக் கழற்றிவிட்டு வரிசையாக அமர்ந்திருந்தார்கள். நேரடி ஒலிபரப்பு என்பதால், சிவப்பு விளக்கு எரியும்போது நூலில் இல்லாத ஓர் ஒலியை யார் எழுப்பினாலும், இருமலே ஆனாலும், உடனடிப் பணிநீக்கம் என்று இயக்குநர் ஆணையிட்டிருந்தார். ஆணையில் விதிவிலக்கு எதுவும் இல்லை. அவர் அத்தகைய நேர்மையாளர். முதல் நாற்காலியில், அடி விழும் இடத்துக்கு மிக அருகில், அவரே அமர்ந்தார்.

விளக்கு எரிந்தது. அம்மையாரின் குரல் தேன்போல் வழிந்தது. வில்லன் கதவைத் தாழிட்டான், தாழ் போடப்பட்டது. நாயகன் பின்வாங்கினான், குழாய்க்காரர் தடியின் முனை மார்பில் படப் பின்வாங்கினார்.

"'இரும்புத்தடி முதலில் அவன் முழங்காலில் இறங்கியது'" என்று வாசித்து நிறுத்தினார் அம்மையார்.

தடி இறங்கவில்லை. பஞ்சு அதை ஓங்கியபடி நின்றார். அவர் கன்னங்களில் கண்ணீர் ஓடியது. மூக்கை உறிஞ்சினால் வேலை போய்விடும் என்பதால் அதை ஓடவிட்டார். நாடு முழுவதும் காதுகள் காத்திருந்தன. இயக்குநர் கையசைத்தார்; பல்லைக் கடித்துக் காட்டினார்; பொறுக்கமாட்டாமல் பூனைபோல் எழுந்துவந்து, இருவருக்கும் நடுவே நின்று, எங்கே அடிக்க வேண்டும் என்பதைத் தம் முழங்காலில் விரல்வைத்துச் சுட்டிக்காட்டினார். இங்கே. ஓங்கி.

குழாய்க்காரர் பஞ்சுவின் கையிலிருந்து தடியை மெல்ல வாங்கினார். இடது கை பயன்படாததால், வலக்கையால் மட்டும், சுட்டிக்காட்டிய இடத்தில் ஓங்கி அடித்தார்.

எலும்பு உடைந்தது. "ஐயோ!" என்ற அலறல், நூலில் எந்த இடத்தில் வர வேண்டுமோ அந்த இடத்தில் வந்தது.

அதிகாரிகள் பாதி எழுந்தார்கள், சிவப்பு விளக்கைப் பார்த்தார்கள், ஓசையின்றி உட்கார்ந்தார்கள். அம்மையார் தொழில் தெரிந்தவர். அடுத்த வரிக்குச் சென்றார். "'அடுத்து, தோளில்.'" தோளிலும் இறங்கியது. தரையில் சுருண்டு கிடந்த இயக்குநர் ஒலிப்பதிவாளரை நோக்கிக் கையை உயர்த்தினார். நிறுத்து என்கிறாரா, தொடரட்டும் என்கிறாரா என்று தெரியாததால், ஒலிப்பதிவாளர் விதிமுறைப்படி தொடர்ந்தார். உதவிக்கு ஆள் அழைக்கும் வாசகம் எதுவும் நாயகனுக்கு எழுதப்படாததால், இயக்குநர் தம் சட்டைக்கையைக் கடித்துக்கொண்டார்.

"'கடைசியாக, மண்டை பிளந்தது.'"

குழாய்க்காரர் அந்த மண்டையைப் பார்த்தார். தடியை ஓங்கினார். போன பற்களும் விலாவும் அவர் கைக்குள் வந்து சேர்ந்துகொண்டதுபோல் தடி கனத்தது. இயக்குநர் கண்களை இறுக மூடிக்கொண்டார். மூலையில் ஒரு பூந்தொட்டி இருந்தது. அன்று காலைதான் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். தடி அதன்மேல் இறங்கியது. ஓடு நொறுங்கி, ஈரமண் சொத்தென்று சரிந்தது. அந்த ஓசையிலேயே இயக்குநர் மூர்ச்சையானார்.

நூல் முழுவதிலும் பொய்யான ஒலி அது ஒன்றே. நாடு முழுவதையும் அழவைத்ததும் அதுவே.

இறந்தவனைப் பற்றிய வருணனை இன்னும் சில பக்கங்கள் இருந்தன. அம்மையார் அதை வாசிக்கையில், குழாய்க்காரர் தடியை ஒரு மெத்தைமேல் ஓசைபடாமல் கிடத்தினார். நுனிக்காலில் நடந்தார். கீல் கிறீச்சிடாதபடி பஞ்சு கதவை இம்மியிம்மியாகத் திறந்துவிட்டார். வரிசையாக அமர்ந்திருந்த அதிகாரிகள் அவர் போவதைப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெளிவாசல் காவலாளிக்கு அலறலைத் தெரியும், ஆளைத் தெரியாது. காதில் ஒலிநூலோடு விசும்பிக்கொண்டிருந்தான்.

"போயிட்டான்" என்றான், கட்டுகளுடன் நின்றவரிடம்.

"யாரு?"

"அந்த நாயகன்தாங்க. மண்டை போன சத்தம் கேட்டீங்களா? அதுமாதிரி இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்."

"நான் கேட்கலை. வேலை இருந்துச்சு."

"என்ன பெரிய வேலையோ!" காவலாளி வெறுப்புடன் வாயிற்கதவைத் திறந்துவிட்டான். "உங்களை மாதிரி ஆளுங்களுக்கு எதுக்குய்யா காது?"

தெரு உறைந்து கிடந்தது. பேருந்துகள் நின்ற இடத்தில் நின்றன. இறைச்சிக் கடைக்காரர் கத்தியை ஓங்கியபடி அழுதுகொண்டிருந்தார். நொண்டி நொண்டி நடந்த மனிதனை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் போன வழியில் கட்டுகளுக்குள்ளிருந்து இரத்தம் சொட்டியதையும் பார்க்கவில்லை. அதற்கு ஓசை இல்லை.

வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் மனைவியைச் சுற்றி நின்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அழவில்லை. அவர்களை விலக்கிக்கொண்டு எழுந்து, அவரை மேலும் கீழும் ஒருமுறை தடவிப் பார்த்து, உள்ளே அழைத்துச்சென்று கதவைச் சாத்தினாள்.

"எல்லாரும் நான் பொய் சொல்றேன்னாங்க" என்றாள், அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு. "முதல் சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நீங்க இல்லைன்னு. யாருங்க அந்த ஆளு? கத்தவே தெரியலையே."

குழாய்க்காரர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"வேலைக்குப் புதுசு" என்றார். "போகப் போகப் பழகிடுவார்."